நள்ளிரவில் ஒரு நாள், காலை ஆறுக்கு ஒரு நாள்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில், ஊரைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் இருக்கிறது வழுதூர். அங்குள்ள எரிவாயுச் சுழலி மின்நிலையத்தில் இரண்டு அலகுகள். முதல் அலகு 95 மெகாவாட். இதில் 60 எரிவாயு டர்பைனிலிருந்து வருகிறது. அந்த டர்பைனின் சூடான புகையைக் கொதிகலனுக்குள் விட்டுக் கிடைக்கும் நீராவியில் மீதி 35 பிறக்கிறது. இரண்டாவது அலகு 92.2 மெகாவாட்: எரிவாயுவில் 59.8, நீராவியில் 32.4. அனல்மின் நிலையங்களோடு ஒப்பிட்டால் இது சின்ன நிலையம். இங்கே நிலக்கரி மேடு கிடையாது, எண்ணெய்த் தொட்டிகளில் வாரக்கணக்கான கையிருப்பும் கிடையாது. பெருங்குளம், பெரியபட்டினம், காஞ்சிரங்குடி வட்டாரத்து ஓ.என்.ஜி.சி. கிணறுகளின் வாயு குழாயில் வர வர எரிகிறது.

ஆக, ஒரே சங்கிலியில் குறைந்தது நான்கு இடங்களில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கிணறுகளையும் சேகரிப்பு நிலையத்தையும் பார்ப்பவர் ஒருவர். குழாயையும் மீட்டரையும் பார்க்கும் கெயில் (எரிவாயுக் குழாய்களை நடத்தும் அரசு நிறுவனம்) தரப்பு இன்னொருவர். மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் பொறியாளர் மூன்றாமவர். எவ்வளவு மின்சாரம் வேண்டும், எப்போது ஏற்று, எப்போது இறக்கு என்று சொல்லும் சென்னை மாநில மின்சுமை மையம் நான்காவது. மின்வாரியத்தார் பேச்சில் அது வெறும் 'எல்.டி.', அதற்குக் கீழே மதுரையில் ஒரு துணை மையமும் உண்டு. முதல் இருவருக்கும் எல்.டி. கட்டளை நேரடியாக வராது. எல்.டி.க்குக் குழாயின் அழுத்தம் தெரியாது. நடுவில் நிற்கும் ஷிஃப்ட் பொறியாளர்தான் இரண்டு பக்கமும் பேச வேண்டியவர். சிக்கல் பெரும்பாலும் எந்திரத்தில் தொடங்குவதில்லை. இந்தப் பேச்சு நாளொன்றுக்கு ஒரே ஒரு எண்ணோடு முடிந்துவிடுவதில் தொடங்குகிறது.

வாயு போகும் வேகம்

சுவிட்சைப் போட்டால் மின்சாரம் வருவதைப் போல வால்வைத் திறந்தால் வாயு வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் படம் மாறும். உதாரணத்துக்கு 30 கிலோமீட்டர் நீளமுள்ள 12 அங்குலக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம் (இது விளக்கத்துக்காக எடுத்த அளவு, குறிப்பிட்ட எந்தக் குழாயின் அளவும் இல்லை). உள் விட்டம் சுமார் 30 சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் இடம் ஏறத்தாழ 2,200 கன மீட்டர். அதில் 40 கிலோ அழுத்தத்தில் வாயு நின்றால், சாதாரணக் காற்றழுத்தக் கணக்கில் 90,000 கன மீட்டருக்குப் பக்கத்தில் வாயு இருக்கும். 'கிலோ' என்று இங்கே சொல்வது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதன் சுருக்கம். கட்டுப்பாட்டு அறைகளில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை.

95 மெகாவாட் கூட்டுச் சுழற்சி (வாயுவும் நீராவியும் சேர்ந்த) அலகு 48 சதவீதத் திறனில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 20,300 கன மீட்டர் வாயு தேவை. முழு நாளுக்குக் கிட்டத்தட்ட 4.9 லட்சம். இந்த அளவு அந்தக் குழாயில் 40 கிலோ அழுத்தத்தில் ஓடும்போது அதன் வேகம் வினாடிக்கு 2 மீட்டர்கூட இல்லை. மணிக்கு 7 கிலோமீட்டர். அவசரமில்லாமல் சைக்கிள் மிதிப்பவர் அதை முந்திவிடுவார். சேகரிப்பு நிலையத்தில் காலை பத்து மணிக்கு உள்ளே போன வாயு, பிற்பகல் இரண்டைத் தாண்டித்தான் டர்பைனுக்கு வருகிறது.

அழுத்த மாற்றம் மட்டும் வேறு விதம். குழாயின் ஒரு முனையில் அழுத்தம் சரிந்தால் அந்த அலை வாயுவுக்குள் ஒலியின் வேகத்தில், வினாடிக்குச் சுமார் 400 மீட்டர், போகிறது. 30 கிலோமீட்டரை ஒன்றேகால் நிமிடத்தில் கடந்துவிடும். ஆனால் போகப் போகத் தேய்ந்துகொண்டே போகும். ஒரு கிணறு நின்றதும் மின்நிலையத்து முள் படாரென்று விழுவதில்லை. மெல்ல, சாதாரண ஏற்ற இறக்கம் போலவே இறங்கத் தொடங்கும். பதினைந்து இருபது நிமிடம் கழித்துத்தான் 'இது வழக்கமான ஆட்டம் இல்லை' என்று புரியும். அந்த இருபது நிமிடத்தை மிச்சப்படுத்த ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

குழாயே ஒரு சின்னக் கிடங்கு என்பதையும் மறக்கக் கூடாது. தொழில்காரர்கள் இதை லைன்பேக் என்பார்கள். நம் உதாரணக் குழாயில் ஒரு கிலோ அழுத்தம் இறங்கினால் சுமார் 2,200 கன மீட்டர் வெளியே வரும். 40 கிலோவிலிருந்து 30 கிலோ வரை இறங்க விட்டால் 22,000. கிணறுகள் மொத்தமாக நின்றுபோனாலும் முழுச் சுமையில் ஓடும் அலகை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். வரத்து பாதியானால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இந்த ஒன்று அல்லது இரண்டு மணி நேரம்தான் எல்.டி.யிடம் மாற்று ஏற்பாட்டுக்கு இருக்கும் அவகாசம். முதல் அரை மணி நேரத்தைக் 'கொஞ்சம் பார்ப்போம்' என்று கழித்துவிட்டால், அவகாசத்தில் கால்பங்கோ பாதியோ போய்விட்டது.

அழுத்தம் குறைந்தால் டர்பைன் உடனே நின்றுவிடாது. 60 மெகாவாட் வகை டர்பைன்களுக்கு வாயிலில் பொதுவாக 20 முதல் 25 கிலோ தேவைப்படும். சரியான எண் எந்திரத்துக்கு எந்திரம் மாறும். முதலில் எச்சரிக்கை மணி அடிக்கும், பிறகு எந்திரம் தானாகவே சுமையைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம்தான் டிரிப், அதாவது எந்திரம் தானாகச் சட்டென்று நின்றுவிடுவது. முன்கூட்டியே சொல்லி 60 மெகாவாட்டை 35 ஆக இறக்கினால் குறைந்த வாயுவில் பல மணி நேரம் ஓட்டலாம். டிரிப் ஆனால் நீராவிப் பகுதியும் சேர்ந்து விழும். திரும்ப முழுச் சுமைக்கு வர, கொதிகலன் சூடாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம். ஆறிவிட்டால் நான்கைந்து மணி நேரம்.

இரண்டு காலண்டர்

இந்தியாவில் குழாய் எரிவாயுவின் நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடிகிறது. மின்சாரத்தின் நாள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும். 15 நிமிடப் பிளாக்குகளாக 96 துண்டு. அதனால் ஒரே தேதியிட்ட மின் அட்டவணையில் முதல் 24 பிளாக்குகள், அதாவது நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை, முந்தின நாளின் எரிவாயுக் கணக்கில் சேரும். மீதி 72 பிளாக்குகள் இன்றைய கணக்கில்.

இது வெறும் கணக்குப்பிள்ளை விவகாரம் இல்லை. எரிவாயு நாள் முழுவதற்கும் 4.4 லட்சம் கன மீட்டர் என்று நாமினேஷன் (இவ்வளவு வாயு எடுப்போம் என்ற முன்னறிவிப்பு) கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலை உச்ச நேரத்தில் எல்.டி. கேட்டதால் கூடுதலாக ஓட்டி, இரவு பன்னிரண்டுக்கு ஒதுக்கீட்டில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. நள்ளிரவில் புதிய மின் அட்டவணை பிறக்கிறது. அதில் அதிகாலை 4 மணிக்கு முழுச் சுமை எழுதியிருக்கிறது. அட்டவணையைப் போட்டவருக்கு அது புது நாள். வாயுக்காரருக்கோ பழைய நாளின் வால். விடியற்காலையில் நடக்கும் 'காஸ் ஏன் குறைச்சீங்க?', 'நீங்கதான் அதிகமா எடுத்துட்டீங்க' வகைச் சண்டைகளில் கணிசமானவை இந்த ஆறு மணி நேரத்துக்குள்தான் பிறக்கின்றன. இருவர் சொல்வதும் அவரவர் காலண்டரில் சரி.

தீர்வு எளிது, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். நாமினேஷன் எழுதும்போது 96 பிளாக்கைப் பார்த்து எழுதாமல், இன்றைய 25-ஆவது பிளாக்கிலிருந்து நாளைய 24-ஆவது பிளாக் வரை வெட்டி எடுத்துக் கூட்ட வேண்டும். நாளைய அட்டவணை இன்னும் வரவில்லையென்றால் அந்த ஆறு மணி நேரத்துக்கு மதிப்பீடு போட்டு, அது மதிப்பீடு என்று குறித்து அனுப்ப வேண்டும். வந்ததும் திருத்த வேண்டும்.

அமெரிக்காவில் இதே தலைவலி பழையது. அங்கே எரிவாயு நாள் மத்திய நேரப்படி காலை 9 மணிக்குத் தொடங்குகிறது. அதை அதிகாலை 4-க்கு மாற்றலாமா என்று அந்நாட்டு ஒன்றிய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் யோசித்தது, கடைசியில் மாற்றவில்லை. 2015-இல் வெளியிட்ட 809-ஆம் ஆணையில் முதல் நாமினேஷனுக்கான கெடுவை முற்பகல் 11:30-இலிருந்து பிற்பகல் 1 மணிக்குத் தள்ளியது. நாளுக்குள்ளே திருத்திக்கொள்ளும் வாய்ப்பை இரண்டிலிருந்து மூன்றாக்கியது. நாளின் எல்லையை நகர்த்துவதைவிடத் திருத்தும் வாய்ப்பைக் கூட்டுவது நடைமுறைக்கு உகந்தது. நம் பக்கத்துக்கும் அதே மருந்து பொருந்தும் என்றே தோன்றுகிறது.

சூரியன் கெடுத்த சமன்

நாளுக்கு ஒரு எண் என்ற பழக்கம் ஒரு காலத்தில் வேலை செய்தது. அலகு இருபத்து நாலு மணி நேரமும் ஒரே சீராக ஓடினால் மொத்தத்தை 24-ஆல் வகுத்தால் போதும். கிணற்றுக்காரரும் வாயு வரத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கை ஒருமுறை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இதே மாவட்டத்தில் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கச் சூரிய மின்சாரம் பெருகி, பகலில் வேறு நிலையங்களை இறக்குவதும் சூரியன் சாயும்போது ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டது.

மேலே சொன்ன 95 மெகாவாட் அலகையே காலை 9 முதல் மாலை 4 வரை 60 சதவீதச் சுமைக்கு இறக்கினால் என்ன ஆகும்? சுமை குறையும்போது திறனும் குறைவதால் வாயு 60 சதவீதத்துக்கு இறங்காது. சுமார் 68 சதவீதத்தில் நிற்கும். மணிக்கு 13,800. மற்ற 17 மணி நேரம் 20,300. நாளின் மொத்தம் 4.42 லட்சம், சராசரி மணிக்கு 18,400. கிணற்றுப் பக்கம் அந்தச் சராசரியிலேயே அனுப்பிக்கொண்டிருந்தால், பகல் ஏழு மணி நேரத்தில் 32,000 கன மீட்டர் குழாயில் தேங்கும். நம் உதாரணக் குழாயில் அது 14 கிலோவுக்கு மேல் அழுத்த ஏற்றம். 10 கிலோ ஆட்டத்துக்குத்தான் இடம் என்றால், பிற்பகல் இரண்டு மணிக்கே குழாய் நிறைந்துவிடும். சேகரிப்பு நிலையத்தில் கிணறுகளை நெரித்து வரத்தைக் குறைக்க வேண்டும் அல்லது மிஞ்சும் வாயுவை வீணாக எரித்துவிட வேண்டும். பிறகு நாலு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வாயு கேட்பார்கள்.

நாள் மொத்தம் சரி. ஒப்பந்த மீறல் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு பக்கம் வாயு எரிந்து வீணாகிறது, மறுபக்கம் மாலையில் அழுத்தம் போதவில்லை. மணிவாரி அட்டவணையை முன்கூட்டியே கொடுத்திருந்தால், கிணற்றுக்காரர் காலை எட்டு மணிக்கே குழாயைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்வார். பகல் தேக்கம் அந்தக் காலி இடத்தில் அடங்கும்; மாலையில் அதுவே கைகொடுக்கும். அமெரிக்க ஆணையத்தின் 2007-ஆம் ஆண்டு 698-ஆம் ஆணையின் சாரம் ஏறத்தாழ இதுதான்: மின்நிலையம் சீராக எடுக்கப் போவதில்லை என்றால் மணிக்கு எவ்வளவு எடுக்கும் என்று குழாய்க்காரருக்குச் சொல்ல வேண்டும், நிலைமை மாறினால் திரும்பச் சொல்ல வேண்டும், குழாய்க்காரர் முடியும் முடியாது என்று பதில் தர வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. அதைக் கட்டாயமாக்க ஒரு நாட்டுக்கு ஆணை தேவைப்பட்டது.

மூடிய வட்டம் திறந்தபோது

2021 பிப்ரவரி வரை ராமநாதபுரத்து வாயு பெரும்பாலும் ராமநாதபுரத்துக்குள்ளேயே சுற்றியது. கிணறு, குழாய், மின்நிலையம் எல்லாம் கூப்பிடு தூரம். 2021 பிப்ரவரி 17-இல் 143 கிலோமீட்டர் நீளமுள்ள ராமநாதபுரம்–தூத்துக்குடிக் குழாய் திறந்துவைக்கப்பட்டது. எண்ணூர் திரவ எரிவாயு முனையத்திலிருந்து பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என விரியும் இந்தியன் ஆயில் குழாய்த் திட்டத்தின் ஒரு பகுதி அது. தூத்துக்குடி உரத் தொழிற்சாலைக்கு இங்கிருந்து வாயு போக வழி பிறந்தது.

கிணற்றுக்காரர் பார்வையில் இது நல்ல செய்தி. முன்பெல்லாம் மின்நிலையம் நின்றால் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை. இப்போது இன்னொரு வாசல் இருக்கிறது. மின்நிலையத்தின் பார்வையில் கூடவே ஒரு புதுப் பொறுப்பும் வந்தது. யூரியா ஆலை மணிக்கு மணி ஏற்றி இறக்காது. அதற்குச் சீரான வரத்து வேண்டும். ஒரே கிணற்றுத் தொகுதியில் ஒரு சீரான நுகர்வோரும் ஒரு குதிக்கும் நுகர்வோரும் இருந்தால், குதிப்பவர் முன்னறிவிப்புத் தராதபோது அடி சீரானவருக்கு விழும். பழைய நாளில் தெரிந்தவரைக் கூப்பிட்டுச் 'சார், கொஞ்சம் ஏத்துங்க' என்று சொன்னால் நடந்தது. இப்போது அந்தக் 'கொஞ்சம்' யாருடைய பங்கிலிருந்து வருகிறது என்ற கேள்வி எழும். எண்ணும் நேரமும் எழுத்தில் இருந்தாக வேண்டும்.

ஒரு அழைப்பில் என்ன இருக்க வேண்டும்

'காஸ் கம்மியா வருது' என்பது செய்தி இல்லை, புலம்பல். உருப்படியான அழைப்பு இப்படி இருக்கும்:

"ஜி.டி. கன்ட்ரோல் ரூம் பேசுறேன் சார். மணி 14:10. எல்.டி. ரிவிஷன் வந்திருக்கு. 16:30-லேருந்து 22:00 வரைக்கும் மணிக்கு 20,300 எடுப்போம், இப்ப எடுக்கறது 13,800. டெர்மினல்ல எத்தனை கிலோ சார்?"

"38.2, ஏறிக்கிட்டிருக்கு. திருப்பிச் சொல்றேன்: 16:30-லேருந்து 22:00, மணிக்கு 20,300. முடியும். ஒரு வெல் அஞ்சு மணிக்கு மெயின்டனன்ஸுக்கு எடுக்கறதா இருந்துது, நாளைக்கு மாத்திக்கறோம்."

திருப்பிச் சொல்வதுதான் இதில் உயிர். 16:30-ஐ 'ஆறரை' என்று கேட்டுக்கொண்டால் இரண்டு மணி நேரம் போய்விடும். கிணற்றைப் பற்றிய அந்தக் கடைசி வாக்கியத்தையும் கவனிக்க வேண்டும். மின்நிலையம் நேரத்தைச் சொல்லியிருக்காவிட்டால் அந்தத் தகவல் வெளியே வந்திருக்காது. பேசியதும் இரண்டு பக்கத்துப் பதிவேட்டிலும் ஒரே எண் ஏற வேண்டும். பத்து நிமிடத்துக்குள் மின்னஞ்சல் போக வேண்டும். தொலைபேசி அவசரத்துக்கு, எழுத்து அடுத்த ஷிஃப்டுக்கு.

எண் சொல்லும்போது அலகு சொல்லாமல் விடுவது பெரிய பொறி. வணிகத்தில் புழங்குவது 15 டிகிரி வெப்பத்தில் அளந்த ஸ்டாண்டர்டு கன மீட்டர். டர்பைன் ஆவணங்களில் பல நேரம் 0 டிகிரியில் அளந்த நார்மல் கன மீட்டர் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 5.5 சதவீதம். முழுச் சுமை நாளில் அது 26,000 கன மீட்டருக்கு மேல். ஒன்றேகால் மணி நேர ஓட்டம். இதைவிட மோசமானது வெப்ப மதிப்பு. வாயு விற்பனை மொத்த வெப்ப மதிப்பில் நடக்கிறது, டர்பைன் திறனை நிகர வெப்ப மதிப்பில் சொல்வார்கள். இடைவெளி சுமார் 10 சதவீதம். நிகர மதிப்பில் போட்ட வெப்பத் தேவையை மொத்த மதிப்பால் வகுத்து நாமினேஷன் அனுப்பினால், நாளின் கடைசி இரண்டரை மணி நேரத்துக்கு வாயு இருக்காது. விலைப்பட்டியலில் மில்லியன் பி.டி.யூ. வேறு வரும், ஒரு கன மீட்டருக்கு 10,000 கிலோ கலோரி என்றால் ஒரு மில்லியன் பி.டி.யூ. 25.2 கன மீட்டர். இந்த மூன்று மாற்றங்களையும் ஒரு அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் அறைகளில் சண்டை குறைவு.

எதிர்த் திசையில் வரும் செய்தியும் அதே அளவு முக்கியம். மின்நிலையம் டிரிப் ஆனால் மணிக்கு 20,300 கன மீட்டர் ஓடிக்கொண்டிருந்த வாயு ஒரே நொடியில் நிற்கிறது. நம் உதாரணக் குழாயில் ஆறரை நிமிடத்துக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் ஏறும். கிணற்றைச் சடாரென்று மூடினால் திறக்கும்போது எல்லாக் கிணறும் பழையபடி வராது. நீர் வரத்துள்ள கிணற்றில் அடியில் தண்ணீர் சேர்ந்து வாயுவை அமுக்கிவிடும். அதனால் டிரிப் ஆனவுடன் கேட்கும் முதல் கேள்வி 'என்ன ஆச்சு' என்பதாக இருக்கக் கூடாது, 'எவ்வளவு நேரம் ஆகும்' என்பதாக இருக்க வேண்டும். அரை மணி என்றால் குழாயில் தேக்கலாம். ஆறு மணி என்றால் நெரிக்க வேண்டும். காரணம் தெரியாவிட்டாலும் நேரத்தை மதிப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

குழாயில் வருவது வாயு மட்டும் இல்லை

கிணற்று வாயுவோடு நீரும் கனமான ஹைட்ரோகார்பன் திரவமும் கொஞ்சம் வரும். சேகரிப்பு நிலையத்தில் பிரித்தாலும் மீதி குழாயின் பள்ளங்களில் தேங்கும். வாயு மெதுவாக ஓடும் நாட்களில் அசையாமல் கிடக்கும். திடீரென்று வேகம் ஏறினால் மொத்தமாகப் புறப்பட்டு வந்து வடிகட்டிகளை நிரப்பும். சுமையைப் பத்து நிமிடத்தில் ஏற்றும் நாட்களில் டிரிப் அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழாயைத் துடைக்கப் பிக் என்ற கருவியை உள்ளே அனுப்பும்போது நடப்பதும் இதேதான். புறப்பட்ட நேரம், வேகம், வந்துசேரும் நேரம் மூன்றும் மின்நிலையத்துக்குத் தெரிந்தால், அந்த நேரத்துக்குச் சுமையை இறக்கிப் பிரிப்புத் தொட்டியின் வடிகாலில் ஆளை நிறுத்துவார்கள்.

அழுத்தத்தைக் குறைக்கும்போது வாயு குளிரும், கிலோவுக்கு ஏறத்தாழ அரை டிகிரி. 40-இலிருந்து 24-க்கு இறக்கினால் 8 டிகிரி. அதில் திரவம் துளியாகப் பிரிந்து பர்னரில் விழுந்தால் உலோகம் உருகும். அதனால்தான் ஹீட்டர். வாயுவை அதன் பனிநிலைக்கு, அதாவது திரவம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, சுமார் 28 டிகிரி மேலே வைத்திருக்க வேண்டும் என்பது பல டர்பைன்களுக்குப் பொதுவான விதி. கிணற்று வாயுவோடு வேறு மூலத்து வாயு கலக்கும் நாளில் வெப்ப மதிப்பும் அடர்த்தியும் மாறும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வோபே எண் 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் குறைந்த மாசு பர்னர்கள் அதிரும். வாயுவின் கலவையை அளக்கும் குரோமட்டோகிராஃப் குழாய்க்காரரிடம், பர்னர் மின்நிலையத்திடம். அந்த அளவீடு நேரலையாக மின்நிலையத்துத் திரைக்கு வராத இடங்களில் அதிர்வுதான் முதல் தகவல்.

திரவத்தை அலட்சியப்படுத்தினால் எதுவரை போகும் என்பதற்கு ஆந்திராவின் நகரம் கிராமம் சாட்சி. 2014 ஜூன் 27 அதிகாலை, கொண்டபல்லி மின்நிலையத்துக்கு வாயு கொண்டுபோன குழாய் அங்கே வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈர வாயு போனதால் உட்புறம் அரித்தது காரணம் எனக் கண்டறியப்பட்டது. குழாயில் என்ன போகிறது என்பதும் ஒரு தகவல்; அது எவ்வளவு போகிறது என்பதைவிடச் சின்னது இல்லை.

ஒன்றை ஒன்று இழுத்து விழுதல்

சேகரிப்பு நிலையத்துக்கும் குழாய் முனையத்துக்கும் மின்சாரம் வேண்டும்: கருவிகளுக்கான காற்று அழுத்தி, ஸ்காடா என்ற தொலைக்கண்காணிப்பு அமைப்பு, துருத்தடுப்பு மின்னோட்டம் எல்லாவற்றுக்கும். அந்த மின்சாரம் எந்த ஃபீடரில் (விநியோக மின்தடத்தில்) வருகிறது? 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரில் வாயுக் கிணறுகள் உறைந்தன, மின்நிலையங்கள் விழுந்தன. மின்சாரத்தைச் சுழற்சியில் துண்டித்தபோது, முக்கியச் சுமை என்று பதிவு செய்யாத எரிவாயு நிலையங்களும் சேர்ந்து இருண்டன. அதனால் வாயு இன்னும் குறைந்தது, மின்சாரமும் இன்னும் குறைந்தது. மின்தொகுப்பு முழுவதும் சரிய நாலரை நிமிடமே மிச்சம் இருந்தது.

இங்கே குளிர் இல்லை, ஆனால் பொறி அதே பொறி. தென் மண்டலத்தில் அலைவெண் 49.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் முதல் கட்ட ரிலேக்கள் தாமாக ஃபீடர்களை வெட்டும். வாயு நிலையம் இருக்கும் ஃபீடர் அந்தப் பட்டியலில் இருந்தால், மின்சாரம் குறைந்த நேரத்திலேயே மின்நிலையத்தின் எரிபொருளையும் வெட்டுகிறோம். பட்டியல் விநியோகப் பிரிவிடம், ஃபீடர் எண் துணைமின் நிலையத்திடம், எந்த இணைப்பு வாயு நிலையத்துடையது என்பது வாயுக்காரரிடம். மூன்றையும் ஒரே தாளில் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பது ஒரு மதிய வேலைதான்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற தயக்கமும் உண்டு. குறிப்பிட்ட நிலையத்துக்கு நாளை மாலை வாயு கட்டாயம் வேண்டும் என்ற தகவல், வாயு விற்பவருக்கு விலை பேச உதவும். அமெரிக்காவில் 2013-இன் 787-ஆம் ஆணை இதற்கு வழி சொன்னது: குழாய் இயக்குநரும் மின்தொகுப்பு இயக்குநரும் நம்பகத்தன்மைக்காக வெளியிடாத தகவலையும் பகிரலாம், ஆனால் அதை விற்பனைப் பிரிவுக்குக் கடத்தக் கூடாது. கட்டுப்பாட்டு அறைக்கும் விற்பனை மேசைக்கும் நடுவில் சுவர் எழுப்பாத இடத்தில் ஷிஃப்ட் பொறியாளர் வாயைத் திறக்க அஞ்சுவது நியாயமே.

இந்தக் கடற்கரையின் கணக்கு

ராமநாதபுரத்துக்கென்று சில தனி நிலவரங்கள் உண்டு. உப்புக் காற்று இன்சுலேட்டர்களில் படியும். மழை இல்லாத வாரங்களுக்குப் பிறகு பனி இறங்கும் விடியற்காலையில் அந்த உப்பு நனைந்து மின்சாரத்தைக் கடத்தும், லைன் டிரிப் ஆகும். எந்திரம் நன்றாக இருந்தாலும் மின்சாரத்தை வெளியே அனுப்ப வழியில்லாமல் அலகு நிற்கும். வாயுக்காரருக்கு இது காரணமில்லாத டிரிப் போலத் தெரியும். பனி விழும் மாதங்களில் அதிகாலை மூன்று முதல் ஏழு வரை குழாயை மேல் வரம்புவரை நிரப்பாமல் இரண்டு மூன்று கிலோ இடம் விட்டு வைப்பது அனுபவசாலிகள் செய்வது.

காற்றாலை மின்சாரம் கொட்டும் ஆனி, ஆடி, ஆவணியில் வாயு அலகுகளை இறக்கச் சொல்லி எல்.டி. கேட்கும். கிணற்றுப் பழுதுபார்ப்பு, பிக் ஓட்டம், வாயு அழுத்திகளின் ஓவர்ஹால், டர்பைனின் சூடான பகுதி சோதனை எல்லாவற்றையும் அந்த மாதங்களில் ஒரே வாரத்தில் அடுக்கலாம். தனித்தனியாக வைத்தால் மூன்று முறை அலகு நிற்கும். சேர்த்து வைத்தால் ஒரு முறை. இதற்கு மார்ச் மாதமே மூன்று தரப்பும் தேதி பேசி முடித்திருக்க வேண்டும். டர்பைன் உதிரிபாகங்கள் கேட்ட மறுநாள் வருபவை இல்லை.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மின்சாரம் போன சில மணி நேரத்தில் செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் தீரும். மிஞ்சுவது மின்கம்பி வழியே பேசும் கேரியர் தொலைபேசியும் கண்ணாடி இழைத் தடமும் வாக்கி டாக்கியும். மின்வாரியத்தின் கேரியர் தொலைபேசி வாயு நிலையத்துக்குப் போகாது. வாயுக்காரரின் ஸ்காடா தடம் மின்நிலையத்து அறைக்குள் வராது. ஒரு பக்கத்துக் கருவி ஒன்றை மறுபக்கத்து அறையில் வைத்துவிட்டால் அந்த இடைவெளி அடைபடும். சுவரில் ஒட்டியிருக்கும் எண் பட்டியலையும் அக்டோபர் கடைசிக்குள் ஒவ்வொன்றாக டயல் செய்து பார்க்க வேண்டும். இடமாறுதலில் போனவரின் எண்ணே பாதிப் பட்டியலில் இருக்கும், பரமக்குடிக்கோ காரைக்காலுக்கோ போய் மணி அடிக்கும்.